தாஷ்கண்ட் 1917: புரட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெரும்பான்மை

ஜார் படைகள் 1865இல் தாஷ்கண்டைக் கைப்பற்றிய பின்னர், துருக்கிஸ்தான் ரஷ்ய ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்கும் குடியேற்ற நாடாக மாற்றப்பட்டது. 1917 நவம்பரில் அங்கு சோவியத் ஆட்சி அமைந்தபோது, அதிகாரம் ரயில்வே தொழிலாளர்களிடமும் படைவீரர்களிடமும் சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் ரஷ்யர்கள். அம்மாதமே கூடிய பிராந்திய சோவியத் மாநாடு, முஸ்லிம்களை உயர் ஆட்சி உறுப்புகளில் சேர்க்க இயலாது என அறிவித்தது. புதிய ஆட்சி குறித்த அவர்களின் நிலைப்பாடு தெளிவாக இல்லை; அவர்களிடையே பாட்டாளி வர்க்க அமைப்புகளும் இல்லை என்பது அது கூறிய காரணம். பருத்தி விளைவித்த உழவர் எப்படிப் பாட்டாளி ஆகாமல் போனார் என்று மாநாடு கேட்டுக்கொள்ளவில்லை. வர்க்கம் என்னும் சொல்லே இங்கு வாயிற்காவலாக நின்றது.

ஏறத்தாழ அதே நாட்களில், லெனினும் ஸ்டாலினும் கையொப்பமிட்ட அறைகூவல் ஒன்று, கிழக்கின் உழைக்கும் முஸ்லிம்களுடைய நம்பிக்கைகளும் வழக்கங்களும் இனித் தடையின்றி வாழும் என உறுதியளித்தது. கோக்கந்த் நகரில் முஸ்லிம்கள் தன்னாட்சி அறிவித்தனர். 1918 பிப்ரவரியில் தாஷ்கண்டின் படைகள் அதனை நசுக்கின, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பஸ்மாச்சி கிளர்ச்சி பரவியதற்கு இப்படுகொலை பெருங்காரணம்.

மாஸ்கோ தலையிட்ட பின்னரே கதவு சற்றுத் திறந்தது. 1919இல் கட்சிக்குள் முஸ்லிம் பிரிவு உருவாயிற்று. அதன் தலைவர் துரார் ரிஸ்குலோவ், 1916 எழுச்சியின்போது சிறைப்பட்ட கசாக் இளைஞர். 1920இல் 'சிவப்புக் கிழக்கு' என்னும் பரப்புரை ரயில், பேச்சாளர்களுடனும் அச்சிட்ட தாள்களுடனும் துருக்கிஸ்தானைச் சுற்றி வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ரிஸ்குலோவ் அணியினர் துருக்கியக் குடியரசு ஒன்றையும், அம்மக்களுக்கென ஒரு பொதுவுடைமைக் கட்சியையும் கோரினர். விடுதலையைப் பற்றி ரயிலில் ஏறிப் பேசலாம். அதிகாரத்தைக் கோரினால் அது தேசியவாதம். மாஸ்கோ கோரிக்கையை மறுத்தது. ரிஸ்குலோவ் பதவி விலகினார். (அதே ஆண்டு அக்டோபரில், அதே நகரில்தான் எம்.என். ராய் முதலானோர் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவினர். கூட்டத்தின் தலைவர் சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யா.)

1924இல் எல்லைகள் வரையப்பட்டு உஸ்பெக், துர்க்மென் குடியரசுகள் தோன்றின. உள்ளூர் மொழிகளில் பள்ளிகளும், உள்ளூர் மக்களுக்குப் பதவிகளும் வந்தன. இவற்றைச் சிறிதெனக் கருத முடியாது. ஆனால் பருத்தித் திட்டம் மாஸ்கோவிலேயே வகுக்கப்பட்டது. அரபு எழுத்து 1920களின் இறுதியில் லத்தீனுக்கும், 1940இல் சிரிலிக்குக்கும் மாற்றப்பட்டது. உஸ்பெக் குடியரசின் அரசாங்கத் தலைவராயிருந்த பைசுல்லா கோஜாயேவும் ரிஸ்குலோவும் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டனர்.