ரேடாரை ஏமாற்றிய கணக்கு

1973 அக்டோபரில் மூண்ட அரபு–இஸ்ரேல் போரில், மூன்று வாரங்களுக்குள் இஸ்ரேல் சுமார் நூறு விமானங்களை இழந்தது. பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை சோவியத் ஏவுகணைகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும். அமெரிக்கத் தளபதிகள் கலங்கிப்போனார்கள். ரேடாரின் கண்ணில் படாமலே பறக்க வழி உண்டா என்ற தேடல் அப்போதுதான் சூடுபிடித்தது.

அதற்கான திறவுகோல் மாஸ்கோவில் அச்சாகிக் கிடந்தது. மின்காந்த அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்று கணக்கிடும் முறையை, பியோத்தர் உஃபிம்த்செவ் என்ற இயற்பியலாளர் 1962இல் வெளியிட்டிருந்தார். சோவியத் அரசு அதை ராணுவ ரகசியமாக நினைக்கவில்லை. 1971இல் அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்தது. விமான நிறுவனமான லாக்ஹீடின் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிரிவில் இருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் 1975இல் அதைப் படித்துவிட்டு, எந்த வடிவம் ரேடாரில் எவ்வளவு தெரியும் என்று சொல்லும் கணினி நிரலை எழுத வைத்தார்.

ரேடாருக்குத் தப்பும் இந்த நுட்பத்துக்கு ஸ்டெல்த் என்று பெயர். ஸ்டெல்த் என்றதும் பலரும் ஏதோ மாயப் பூச்சு என்று நினைக்கிறார்கள். பூச்சுக்கும் பங்கு உண்டு. ஆனால் வித்தையின் பெரும்பகுதி வடிவத்தில்தான் இருக்கிறது. வந்த அலையை வந்த திசையில் திருப்பி அனுப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிட வேண்டும். வளைவுகளைக் கணக்கிட அன்றைய கணினிகளுக்குத் திறன் போதாது. அதனால் விமானம் முழுவதும் தட்டைத் தகடுகளால் ஆன பட்டைகளாக அமைந்தது. இது எங்கே பறக்கப்போகிறது என்று நொந்துகொண்ட சக பொறியாளர்கள் அதற்கு 'உருப்படாத வைரம்' என்று பெயர் வைத்தார்கள்.

மொஹாவி பாலைவனத்தில் மர மாதிரியைக் கம்பத்தின் உச்சியில் பொருத்திச் சோதித்தார்கள். திரையில் எதுவும் தெரியாததால், மாதிரி கீழே விழுந்துவிட்டதோ என்று ரேடார் இயக்குபவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புப் பறவை அதன்மேல் வந்து உட்கார்ந்தது. ரேடார் பறவையைக் காட்டியது! பிரிவின் தலைவர் பென் ரிச் தம் நினைவுக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சோதனை விமானமான 'ஹாவ் ப்ளூ' 1977 டிசம்பரில் பறந்தது. ஒருமுறை அது ரேடாரில் பளிச்சென்று தெரிந்தது. காரணம், சரியாக முடுக்கப்படாத மூன்று திருகுகள். தலைகள் அரைக்கால் அங்குலம்கூட வெளியே நீட்டியிருக்கவில்லை.

அதிலிருந்து பிறந்த எஃப்-117 நிலையற்ற விமானம். கணினிகள் நொடிக்குநொடி திருத்தாவிட்டால் பறக்காது. என்ஜின் விசிறிகளை ரேடார் தீண்டாதபடி காற்று நுழையும் வாயில் வலைத்தடுப்பு, வெப்பம் சிதறும்படி அகன்று ஒடுங்கிய புகைவாய், குண்டுகள் வயிற்றுக்குள். எதிரியிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தனக்கென ரேடாரே கிடையாது. 1981இல் பறந்தும், 1988 நவம்பர்வரை அமெரிக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் பாக்தாதைத் தாக்கியது. அந்தப் போரில் ஒன்றுகூட வீழவில்லை.

ஆனால் கண்ணில் படாத விமானம் என்பது மிகை. ஸ்டெல்த் கண்டுபிடிக்கப்படும் தூரத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. 1999 மார்ச் 27 அன்று, 1960களில் பயன்பாட்டுக்கு வந்த எஸ்-125 ஏவுகணையால் செர்பியப் படை ஓர் எஃப்-117ஐ வீழ்த்தியது. நீண்ட அலைநீளத்தில் இயங்கும் பழைய ரேடாருக்கு அதன் பட்டைகள் அத்தனை தடையாக இல்லை.

கணினிகள் வளர்ந்ததும் வளைவுகளும் கணக்குக்குள் வந்தன. 1997இல் பறந்த எஃப்-22 ராப்டரில் ஸ்டெல்த்தோடு ஒலியை மிஞ்சும் நீடித்த வேகமும், சட்டென்று வளைந்து திரும்பும் திறனும், சொந்த ரேடாரும் ஒன்றுசேர்ந்தன. தட்டைத் தகடுகளின் காலம் முடிந்தது. எஃப்-117 2008இல் ஓய்வு பெற்றது.