'லூட்' என்ற சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் 'லூட்' என்றொரு வினைச்சொல் உண்டு. போர், கலவரம் போன்ற வேளைகளில் பிறர் உடைமையைப் பலவந்தமாக அள்ளிச் செல்லுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி தலைகாட்டும் இச்சொல், பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. கொள்ளை என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லே அது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனியாரின் வாயில் புகுந்து, பின்னர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் கலந்த சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதியில் இச்சொல்லுக்கு இடமுண்டு. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பேர்ணல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றி, அவ்வூர் அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். முதலாவது சீனப் போர், கிரிமியப் போர், 1857ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சி ஆகியவற்றினூடாகவே இச்சொல் பரவியது என்கிறது அவ்வகராதி. போர் செல்லும் இடமெல்லாம் சொல்லும் சென்றிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'லூட்டி' என்ற பெயரைக் கம்பனியார் சூட்டியது தமக்கல்ல. இந்திய அரசர்களின் படைகளோடு திரிந்த, சம்பளத்துக்குப் பதிலாகச் சூறையை நம்பி வாழ்ந்த குதிரை வீரர்களுக்கே சூட்டினர். தாம் எடுத்ததற்கு அவர்களிடம் வேறொரு சொல் இருந்தது. அது 'பிரைஸ்'. சட்டப்படி கிடைத்த போர்ப்பேறு என்று அதற்குப் பொருள்.

இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை ஸ்ரீரங்கபட்டணம் காட்டியது. 1799 மே 4ஆம் திகதி திப்பு சுல்தான் வீழ்ந்த அன்றிரவு, வெற்றி பெற்ற சிப்பாய்கள் நகரைச் சூறையாடினர். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, சூறையாடியோர் சிலரைத் தூக்கிலிட்டு அதனை நிறுத்தினார். அதன் பின்னர் அரண்மனைச் செல்வம் கணக்கெடுக்கப்பட்டு, பதவி வரிசைப்படி பங்கிடப்பட்டது. திப்புவின் பொற்சிங்காசனமும் பங்குக்காக உடைக்கப்பட்டது. தளபதி ஹரிஸ் பெற்ற பங்கு ஒரு இலட்சம் பவுணுக்கும் அதிகம். இரவில் எடுத்தவனுக்குத் தூக்குமேடை. பகலில் பதிவேட்டில் எழுதி எடுத்தவருக்குப் பெருஞ்செல்வம்!

1860இல் பீஜிங் கோடை மாளிகையைப் பிரெஞ்சு, பிரித்தானியப் படைகள் சூறையாடியபோது இந்த நாணமும் அகன்றுவிட்டது. பிரித்தானியர் தம் பங்குப் பொருட்களை ஏலம் விட்டுப் பணத்தைப் படையினருக்குப் பகிர்ந்தனர். அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட சிறு நாயொன்று விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகியது. அதற்கு இடப்பட்ட பெயர் 'லூட்டி'.

எனினும், ஆவணங்களில் மென்மையான சொற்களே வாழ்ந்தன. 1849ஆம் ஆண்டின் லாகூர் உடன்படிக்கையில், கோஹினூர் வைரத்தை மகாராஜா மகாராணியிடம் 'ஒப்படைப்பார்' என்றே எழுதப்பட்டது. அந்த மகாராஜாவான துலீப் சிங், அப்போது பத்து வயதுச் சிறுவன். 'ஒப்படைத்தார்' என்று எழுதியபின் திருப்பிக் கேட்பவர் பாடு கடினமாகிவிடுகிறது.

சொல் மாறினால் என்ன நிகழும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1765இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அங்கு எடுக்கப்பட்ட அழகிய சிறு பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. அது எவ்வாறு வந்தது என்பதை இலங்கை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் கூடி ஆராய்ந்தனர். கொள்ளைப் பொருளே என்று முடிவாயிற்று. பொன்வாள், வெள்ளிவாள், கத்தி, இரண்டு துப்பாக்கிகள் ஆகியவற்றோடு அப்பீரங்கியும் 2023இல் கொழும்புக்குத் திரும்பியது.

தமிழில் 'கொள்' என்ற எளிய வினையிலிருந்தே 'கொள்ளை' பிறந்தது. கொள்வதற்கும் கொள்ளையிடுவதற்கும் வேர் ஒன்றே. வேறுபாடு, கொடுப்பவன் மனமுவந்து கொடுத்தானா என்பதில்தான் இருக்கிறது. ஆகவே, 'பெறப்பட்டது', 'சேகரிக்கப்பட்டது', 'சுவீகரிக்கப்பட்டது' என்ற சொற்களை அருங்காட்சியகப் பலகையிலோ அரசாங்க அறிவித்தலிலோ காணும்போது, யாரிடமிருந்து, எவ்வாறு என்ற இரு வினாக்களைக் கேட்காமல் நகரக்கூடாது. பறிகொடுத்தவனுக்குப் பொருள் திரும்பி வருவதற்கு முன்னர், பறிக்கப்பட்டது என்ற சொல்லாவது வந்து சேர வேண்டும்.