இரண்டு சாலைகள் கூடும் முனை

மியூசிக் அகாடமி சிக்னலில் இரண்டு சாலைகள் கூடுகின்றன. தெற்கு வடக்காக ஓடுவது டி.டி.கே. சாலை. கடலைப் பார்த்துக் கிழக்கே போவது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மயிலாப்பூரின் பழைய ஆட்கள் முதலாவதை மௌப்ரேஸ் ரோடு என்பார்கள். இரண்டாவதை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்பார்கள். 1963-ஆம் ஆண்டுக் கோடையில், இவற்றின் இன்றைய பெயர்களுக்கு உரிய இரண்டு பேரும் சில வார இடைவெளியில் ஒரே வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அது வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகை.

முதலில் போனவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்புத் துறை அமைச்சராக மே மாதம் போனார். இந்தியாவுக்கு என்னென்ன ராணுவ உதவி தேவை என்று பேசுவது அவர் வேலை. இரண்டாவதாகப் போனவர் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஜூன் 3-ஆம் தேதி அவரை ஜான் கென்னடி வரவேற்றார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் அமெரிக்காவுக்கு அரசுமுறைப் பயணம் போனது அதுவே முதல் முறை.

இந்த இரண்டாவது பயணம்தான் இந்த வாரம் நாம் பார்க்கப் போவது. ஆனால் அதை வாஷிங்டனில் தொடங்கினால் புரியாது. பதினான்கு வருடம் பின்னால் போய், மாஸ்கோவில் தொடங்க வேண்டும்.

1949-இல் ராதாகிருஷ்ணனைச் சோவியத் ஒன்றியத்துக்குத் தூதராக அனுப்ப நேரு முடிவு செய்தபோது பலருக்கும் ஆச்சரியம். திருத்தணியில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1909-இல் கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியவர் அவர். மைசூர், கல்கத்தா என்று போய், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக அமர்ந்தவர். வெளியுறவுத் துறையில் ஒரு நாள்கூடப் பயிற்சி பெற்றவரல்ல. வேதாந்தம் பேசுகிறவரை, கடவுளே இல்லை என்று சொல்லும் அரசிடம் அனுப்புவதா என்று டெல்லியில் கேட்டவர்கள் உண்டு. அதோடு, தூதராக இருந்துகொண்டே ஆண்டில் சில மாதம் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் பாடம் நடத்தும் ஏற்பாடும் அவருக்கு இருந்தது.

அன்றைய மாஸ்கோ இந்தியாவை மதிக்கவில்லை. வெள்ளைக்காரன் பெயருக்குக் கொடியை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், அதிகாரம் இன்னும் லண்டனில்தான் இருக்கிறது என்பது சோவியத் தலைமையின் எண்ணம். முதல் தூதராகப் போனவர் நேருவின் சொந்தத் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அவர் அங்கே இருந்த காலம் முழுவதும் ஸ்டாலின் ஒரு தடவைகூட அவரைச் சந்திக்கவில்லை. அடுத்து வந்த ராதாகிருஷ்ணனையோ, வந்த சில மாதங்களிலேயே, 1950 ஜனவரியில் ஓர் இரவு கிரெம்ளினுக்கு அழைத்தார்.

ஏன் அழைத்தார்? அதற்கு முந்தைய ஆண்டில் உலகம் மாறியிருந்தது. சீனாவில் மாவோ ஆட்சிக்கு வந்துவிட்டார். ஆசியாவை இனி அலட்சியப்படுத்த முடியாது. கட்டிலில் படுத்தபடியே படித்து, படுத்தபடியே எழுதும் இந்த விசித்திரமான தூதரைப் பற்றி மாஸ்கோவில் பேச்சு பரவியிருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எது எப்படியோ, கதவு திறந்தது.

ஸ்டாலினிடம் ராதாகிருஷ்ணன் அசோகரின் கதையைச் சொன்னார். எங்கள் நாட்டில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார், ரத்தம் சிந்தி வென்ற பிறகு போரையே துறந்தார், உங்களுக்கும் அப்படி நேராது என்று யார் சொல்ல முடியும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்த நாளில் ஸ்டாலினிடம் இப்படிப் பேசிவிட்டு வீடு திரும்ப சோவியத் குடிமகன் எவனாலும் முடிந்திருக்காது. ஸ்டாலின் கோபப்படவில்லை. அற்புதங்கள் நடப்பதுண்டுதான், நானும் ஐந்து வருடம் பாதிரிப் பள்ளியில் படித்தவன்தானே என்றாராம்.

1952 ஏப்ரலில் விடைபெறப் போனபோது நடந்ததை இந்தியத் தூதரக வட்டாரத்தில் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடல் தளர்ந்து, முகம் ஊதிப்போயிருந்த ஸ்டாலினின் கன்னத்தைத் தொட்டு, முதுகைத் தடவிக் கொடுத்தார் ராதாகிருஷ்ணன். தன்னை ராட்சசனாகப் பார்க்காமல் மனிதனாக நடத்திய முதல் ஆள் நீங்கள்தான் என்று ஸ்டாலின் கண் கலங்கினார் என்பார்கள். பதினோரு மாதத்தில் ஸ்டாலின் இறந்துபோனார்.

கன்னத்தைத் தடவியதால் உறவு வளர்ந்தது என்று சொன்னால் அது கதை. ஆனால் தேதிகளைக் கவனிக்க வேண்டும். 1952 ஜனவரி வரை காஷ்மீர் விஷயத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சோவியத் பிரதிநிதி வாய் திறந்ததில்லை. அந்த மாதம்தான் யாக்கோப் மாலிக் முதன்முறையாக மேற்கு நாடுகளின் திட்டத்தைத் தாக்கிப் பேசினார். 1955-இல் பிலாய் இரும்பாலை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு குருஷ்சேவும் புல்கானினும் இந்தியாவுக்கு வந்தார்கள், சென்னைக்கும் வந்தார்கள். இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணங்கள் பல உண்டு. ஆனால் பூட்டியிருந்த வீட்டில் முதலில் உட்கார இடம் பிடித்தவர் மயிலாப்பூர்க்காரர்தான் என்பதை மறுக்க முடியாது.

பீஜிங்கிலும் அவர் அதையே செய்தார். 1957 செப்டம்பரில் துணைக் குடியரசுத் தலைவராகச் சீனா போனபோது, மாவோ தம் இல்லத்தின் முற்றத்துக்கே வந்து வரவேற்றார். கை குலுக்கிய கையோடு ராதாகிருஷ்ணன் மாவோவின் கன்னத்தைத் தட்டிவிட்டார்! மாவோ திகைத்துப் போனார். கவலைப்படாதீர்கள், ஸ்டாலினிடமும் போப்பாண்டவரிடமும் இதையேதான் செய்தேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார் ராதாகிருஷ்ணன். உடன் இருந்த இளம் அதிகாரி நட்வர் சிங் பிற்காலத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விருந்தில் மாவோ தம் தட்டிலிருந்து ஒரு துண்டைக் குச்சியால் எடுத்து, உரிமையோடு விருந்தாளியின் தட்டில் வைத்தார். அது இறைச்சி. விருந்தாளியோ சுத்த சைவம். ராதாகிருஷ்ணன் முகம் சுளிக்கவில்லை. வைத்தவருக்குத் தெரியும்படி எதையும் காட்டிக்கொள்ளவும் இல்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் பந்தியில் காட்டும் பக்குவம் அது.

ஆனால் இந்தப் பக்குவம் ஒரு போரைத் தடுக்கவில்லை. அதையும் சேர்த்தே சொன்னால்தான் வரலாறு. ஐந்தே வருடத்தில், 1962 அக்டோபரில், சீனப் படை இமயத்தில் இறங்கியது. அப்போது ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நாட்டின் முதல் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அக்டோபர் 26-ஆம் தேதி கையெழுத்திட்டவர் அவர். பிறர் சொல்லை எளிதில் நம்பியதும் அசட்டையாக இருந்ததும்தான் நம்மை இங்கே கொண்டுவந்து விட்டது என்று தம் சொந்த அரசையே வெளிப்படையாகக் கண்டித்தவரும் அவரே. நேருவின் நண்பர் அப்படிச் சொன்னார் என்பது நேருவுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

அணிசேராக் கொள்கை பேசிய இந்தியா அந்தப் போரின்போது அமெரிக்காவிடம் ஆயுதங்கள் கேட்டது. விமானங்களில் வந்தன. டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் நசாவ் நகரில் கூடி, 12 கோடி டாலர் அவசர ராணுவ உதவியைப் பங்கிட்டுத் தர முடிவு செய்தன. உதவியோடு ஒரு நெருக்குதலும் வந்தது: காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தானோடு பேசுங்கள். இந்தியாவின் ஸ்வரண் சிங்கும் பாகிஸ்தானின் பூட்டோவும் ஆறு சுற்றுப் பேசினார்கள். 1963 மே மாதம் அந்தப் பேச்சு முறிந்தது.

அது முறிந்த மாதம் டி.டி.கே. வாஷிங்டன் போனார். அடுத்த மாதம் ராதாகிருஷ்ணன் போனார்.

அமைச்சர் கேட்கலாம், பேரம் பேசலாம், கையெழுத்துப் போடலாம். நம் அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவரால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. எதிரே உட்கார்ந்த கென்னடியோ அரசின் தலைவரும் ஆட்சியின் தலைவரும் ஒருவரேயான ஆள். அவருக்கு 46 வயது, விருந்தாளிக்கு 74. அதிகாரம் முழுவதும் ஒரு பக்கம், வயதும் படிப்பும் மறுபக்கம்.

வந்திறங்கிய அன்று வானிலை சரியில்லை என்று கென்னடி வருத்தம் தெரிவித்ததாகவும், கெட்டதை மாற்ற நம்மால் முடியாது, அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதை மாற்றலாம் என்று ராதாகிருஷ்ணன் பதில் சொன்னதாகவும் ஒரு நிகழ்ச்சி பல காலமாகச் சொல்லப்படுகிறது. வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட கோட்டுமாக அவர் நின்ற கோலம் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி. இரவு விருந்துக்குப் பின் மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசை நாடகம் நடந்தது.

மறுநாள், ஜூன் 4, கூட்டறிக்கை வந்தது. துணைக்கண்டத்தின் மீதான சீன ஆக்கிரமிப்பைத் தடுப்பது இரு நாடுகளுக்கும் பொதுவான அக்கறை என்று அதில் ஒரு வரி இருந்தது. இன்று படித்தால் சாதாரணமாகத் தோன்றும். எந்த அணியிலும் சேராத நாடு, வெள்ளை மாளிகையின் தாளில் இப்படி ஒரு வரிக்கு ஒப்புக்கொண்டது என்பதுதான் அதன் கனம். பாகிஸ்தான் அதை ரசித்திருக்க வழியில்லை.

அங்கிருந்து லண்டன். ஜூன் 12-இல் எலிசபெத் அரசியின் விருந்தாளியாக அரசுமுறைப் பயணம். 1931-இல் அதே முடியாட்சி கொடுத்த ‘சர்’ பட்டத்தை, சுதந்திரத்துக்குப் பின் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாமல் விட்டவர் அவர். இப்போது ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதைக் கௌரவமாகக் கொடுத்தார்கள். ஆண்டவர்களும் ஆளப்பட்டவரும் சமமாக உட்கார்ந்த காட்சி அது.

சரி, வாஷிங்டன் பயணத்தால் கிடைத்தது என்ன? இதற்கு நேர்மையான பதில் பொக்காரோவில் இருக்கிறது. பொக்காரோவில் அரசுத் துறையில் ஒரு பெரிய இரும்பாலை கட்ட அமெரிக்க உதவியை இந்தியா கேட்டிருந்தது. கென்னடிக்கு விருப்பம், வெளிப்படையாகவே ஆதரித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விருப்பமில்லை. தனியார் முதலாளிகளின் நாடு, அரசாங்கம் நடத்தும் ஆலைக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஆகஸ்டில் கீழவை முட்டுக்கட்டை போட்டது. கென்னடிக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்று நேருவே கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நவம்பர் 22-இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மே மாதம் நேருவும் மறைந்தார். 1965 செப்டம்பரில் இந்தியா–பாகிஸ்தான் போர் மூண்டதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதத்தை நிறுத்திவிட்டது. டி.டி.கே. பேசியதும் ராதாகிருஷ்ணன் சம்பாதித்த நல்லெண்ணமும் இரண்டரை வருடத்துக்குள் கரைந்தன.

பொக்காரோ ஆலை என்னவாயிற்று? 1964 செப்டம்பரில் ராதாகிருஷ்ணன் மீண்டும் மாஸ்கோ போனார், இந்த முறை குடியரசுத் தலைவராக. முன்பு அவரைப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசித்த கிரெம்ளின் இப்போது சிவப்புக் கம்பளம் விரித்தது. குருஷ்சேவ் பதவியில் இருந்த கடைசி வாரங்கள் அவை; அக்டோபரில் அவரை இறக்கிவிட்டார்கள். ஆள் மாறியும் உறவு மாறவில்லை. 1965 ஜனவரியில் பொக்காரோவைக் கட்டித்தர சோவியத் ஒன்றியம் ஒப்பந்தம் போட்டது. அந்த ஆலை இன்றும் இரும்பு உருக்கிக்கொண்டிருக்கிறது.

வாஷிங்டனில் ஒரு மனிதரோடு கிடைத்த நட்பு, அந்த மனிதரோடு போயிற்று. மாஸ்கோவில் இரண்டரை வருடம் குடியிருந்து, பேசி, காத்திருந்து உண்டாக்கிய நம்பிக்கை மூன்று தலைவர்களைத் தாண்டி நின்றது. விமான நிலைய வரவேற்புகளையும் விருந்துகளையும் வைத்து ஒரு வெளிநாட்டுப் பயணத்தை எடைபோடும் இந்தக் காலத்தில், இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராதாகிருஷ்ணனின் பெருமை வெள்ளை மாளிகைப் புகைப்படத்தில் இல்லை. யாரும் படமெடுக்காத அந்த 1950 இரவில் இருக்கிறது.

1967 மே மாதம் பதவி முடிந்து, எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் இருந்த ‘கிரிஜா’ என்ற தம் வீட்டுக்கு அவர் திரும்பினார். 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் காலமானார். டி.டி.கே. அதற்கு ஓராண்டு முன்பே மறைந்திருந்தார். ரோட்டுக்குப் பேராசிரியரின் பெயர் வந்தது.

செப்டம்பர் 5-ஆம் தேதி வந்தால் நம் பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள்; நல்லாசிரியர் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரிதான். இந்த முறை ஒரு வகுப்பிலாவது ஆசிரியர் ஒருவர், மாஸ்கோவுக்குப் போன தூதர் ராதாகிருஷ்ணனின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

(தொடரும்)