நம்ம ஊரிலும் ஒரு என்.எஃப்.எல். இருந்தது

என்.எஃப்.எல். என்றதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருபவனை முட்டித் தள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1996-ல் இந்தியாவிலும் ஒரு நேஷனல் ஃபுட்பால் லீக் தொடங்கியது. பெயர் அதே, ஆட்டம் வேறு. இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ். சென்னையின் இந்தியன் பேங்க் அணியும் அந்த லீக்கில் ஆடியிருக்கிறது.

பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் இரண்டும் கட்டப்பட்ட விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.

முதலில் அமெரிக்கக் கதை. 1920-ல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் சில அணி முதலாளிகள் கூடி ஆரம்பித்த சங்கம் அது. 1922-ல் என்.எஃப்.எல். என்று பெயர் மாறியது. 1960-ல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக் முளைத்தது. வீரர்களை இழுக்க இரண்டும் போட்டி போட்டு சம்பளத்தை ஏற்றி விட்டதில் இரு பக்கத்து முதலாளிகளுக்கும் கை சுட்டது. 1966-ல் சமாதானம். 1967 ஜனவரியில் முதல் சூப்பர் பவுல். 1970-ல் இரண்டும் முழுதாக ஒன்றாகிவிட்டன.

இப்போது 32 அணிகள். இரண்டு கான்ஃபரன்ஸ், ஒவ்வொன்றிலும் 4 டிவிஷன், ஒவ்வொரு டிவிஷனிலும் 4 அணிகள். 2021 முதல் ஒரு அணிக்கு 18 வாரத்தில் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. சொந்த டிவிஷனில் உள்ள மூவரோடு இரண்டிரண்டு முறை மோத வேண்டும், அதில் 6 ஆட்டம் போய்விடும். வேறு இரண்டு டிவிஷன்களோடு நான்கு நான்கு. மீதி 3 ஆட்டம், போன வருடம் தன்னைப் போலவே இடம் பிடித்த அணிகளோடு. அதாவது கடைசியில் வந்தவன் கடைசியில் வந்தவனோடு! அப்புறம் கான்ஃபரன்ஸுக்கு 7 அணி பிளே-ஆஃப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, தோற்றவனை லீக் கைவிடுவதே இல்லை. 1936-ல் 'டிராஃப்ட்' கொண்டு வந்தார்கள். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு. இந்த யோசனையைச் சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல். அவர் அணி அப்போது படு மோசம் என்பது கூடுதல் தகவல் :-) 1960-களில் டிவி பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள ஆரம்பித்தன. 1994-ல் சம்பள உச்சவரம்பு வந்தது. கடலூரை விடச் சின்ன ஊரான கிரீன் பே-யில் இன்றைக்கும் ஒரு அணி இருக்கிறதென்றால் காரணம் இதுதான்.

ஆனால் வெளியில் இருப்பவனுக்கு உள்ளே வழியே கிடையாது. கீழ் டிவிஷனில் ஜெயித்து மேலே ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் கீழ் டிவிஷனே இல்லை. 2002-ல் 32-வது அணியாக வந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ், உள்ளே வருவதற்குக் கொடுத்த விலை 70 கோடி டாலர்.

இந்தியாவின் என்.எஃப்.எல். வேறு வகை. ஐரோப்பா பாணியில் ஏணி வைத்த லீக். கடைசியில் வந்தால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும், இந்தியன் பேங்க்கும் அப்படி இறங்கிய அணிதான். 2007-ல் அது ஐ-லீக் ஆனது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தபோது மாடல் அமெரிக்காவுக்குத் திரும்பியது. எட்டு ஃபிரான்சைஸ், டிராஃப்ட், நட்சத்திர முதலாளிகள், மூடிய கதவு. அமெரிக்க லீக்குக்கு உயிர் கொடுக்கும் டிவி பணம் மட்டும் இங்கே அந்த அளவுக்கு வரவில்லை.

விளைவைத் தமிழ்நாடு 2019-ல் கண்கூடாகப் பார்த்தது.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு ஆடுகிறது. இடைவேளையில் 0-1 என்று பின்தங்கல். அதே நேரத்தில் இன்னொரு ஊரில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்!

அதே சீசனில் ஐ.எஸ்.எல்-லில் சென்னையின் எஃப்.சி. எடுத்தது 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம்.

ஏணி இருந்திருந்தால் இவர்கள் மேலே, அவர்கள் கீழே. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வந்த அணி பெரிய லீக்கிலேயே இருந்தது, முதலில் வந்த அணி சின்ன லீக்கிலேயே இருந்தது. சென்னையின் எஃப்.சி. மோசமான அணி என்று இதற்கு அர்த்தமில்லை; 2015-லும் 2018-லும் கோப்பை வென்றவர்கள். கேள்வி அவர்களைப் பற்றியதல்ல, கதவைப் பற்றியது. மேலே போனால்தான் ஸ்பான்சர், மேலே போனால்தான் டிவி. சென்னை சிட்டி 2020-21 சீசனோடு ஐ-லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. கதவு திறந்தது 2023-ல். முதலில் உள்ளே போனது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். வேறு யாருமல்ல, கோவையில் அன்று தோற்ற அதே மினர்வா, கை மாறி, பெயர் மாறி. மேலே ஏற வழி வந்ததே தவிர, 2024-25 முடியும் வரை ஐ.எஸ்.எல்-லிலிருந்து ஒருவரும் கீழே இறங்கவில்லை.

இப்போது சிதம்பரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு டீம் ஆரம்பித்தால்? காகிதத்தில் வழி உண்டு. 2024-25 நிலவரப்படி மாநில லீக், ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், ஐ.எஸ்.எல். ஒவ்வொரு படிக்கும் லைசென்ஸ் விதிகள், பயணச் செலவு. மேல்படியே ஆட்டம் கண்டது என்பது வேறு விஷயம்: கால்பந்து சம்மேளனத்தோடு 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப் போகிறது என்று, 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள்.

பெண்கள் பக்கம் இதற்கு நேர் எதிர். கதவு திறந்திருந்தது, கடலூர் அதன் வழியாக உள்ளேயும் போனது. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, தகுதிச் சுற்றைத் தாண்டி 2017-18 இந்தியப் பெண்கள் லீக்கில் இடம் பிடித்தது. நாட்டின் ஏழு அணிகளில் ஒன்று! பெரிய கிளப் கிடையாது, கோடீஸ்வர முதலாளி கிடையாது.

சரி, அந்த 'சீசன்' எவ்வளவு நாள்? எல்லா ஆட்டமும் ஷில்லாங் என்ற ஒரே ஊரில். மார்ச் 25-ல் தொடங்கி ஏப்ரல் 14-ல் ஃபைனல். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 6 ஆட்டம், அரையிறுதிக்குப் போகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடலூருக்கும் அதுதான் நடந்தது. மூன்று வாரத்தில் முடிகிற சீசனுக்கு எந்த முதலாளி வருடச் சம்பளம் கொடுப்பார்? இந்திய அணிக்கு ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். லீக் தராத மாதச் சம்பளத்தை அரசு வேலைதான் தர முடிந்தது.

பெண்கள் லீக் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது 2023-24-ல். அப்போதும் ஏழு அணிகள்தான். தமிழ்நாட்டிலிருந்து சேது எஃப்.சி. மட்டும் இருந்தது. கடலூர் இல்லை.