நைனாவின் வலையூசி

பழவேற்காடு என்றதும் பலருக்கும் டச்சுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1613-ல் எழும்பிய கெல்டிரியா கோட்டை, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் என்று எழுத நிறைய உண்டு. எங்கள் குப்பங்களின் சரித்திரம் கல்லில் இல்லை. அதில் ஒரு துண்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது: நைனாவின் மூங்கில் வலையூசியும், வலைக்கண் அளவு பிடிக்கும் மூங்கில் பட்டையும்.

ஏரியில் அப்பன் வழியாகப் பிள்ளைக்கு வரும் பெரிய சொத்து 'பாடு'. சுத்துவலை போடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கல்யாணமான ஆணுக்குத்தான் அதில் இடம். யாருக்கு எப்போது முறை என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். ஊசிக்கும் பட்டைக்கும் அப்படி ஊர்க்கணக்கு எதுவும் கிடையாது.

நைனா காலத்தில் பருத்தி நூல் வலை. தினமும் காயப்போடாவிட்டால் மக்கிவிடும். மழைக்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பின்னுவார். பட்டையின் மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார். பட்டை எவ்வளவு அகலமோ அதற்கேற்ற கண் விழும். அது மடவை வலைக்கான பட்டை. "சின்னது போவட்டும்டா, வளந்து வரும்" என்பார்.

1960-களில் நைலான் பரவத் தொடங்கியது. அடுத்து மிஷின் பின்னிய வலை கடைக்கே வந்துவிட்டது. பின்னுகிற வேலை குறைந்தது. நண்டு வெட்டிய இடத்தை ஒட்டுப்போட மட்டும் ஊசி போதும் என்றானது. அதுவும் பிளாஸ்டிக் ஊசி.

நான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனேன். நைனாவுக்குப் பிறகு படகும் வலையும் தம்பிக்கு. யாரும் கேட்காததால் ஊசியும் பட்டையும் எனக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தம்பியின் வலைகள் எல்லாம் போய்விட்டன. நைனா கை பட்ட பொருளில் மிஞ்சியவை, ஊரைவிட்டுப் போன என்னிடம் இருந்த இந்த இரண்டுமே.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் இரண்டையும் தம்பியிடம் கொண்டுபோனேன். கரையில் அவன் மடவை வலை விரித்திருந்தது. விளையாட்டாகப் பட்டையை ஒரு கண்ணுக்குள் நுழைத்தேன். நுழையவில்லை. நைனாவின் கண்ணைவிட அது சிறியது.

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, அந்தக் கண்ணுல வலை போட்டா இன்னிக்கு டீசல் காசுகூடத் தேறாது" என்றான். மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவன் நான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? நைனா பேச்சும் பொய்யில்லை, தம்பி கணக்கும் பொய்யில்லை. ஏரிதான் முன்போல் இல்லை.

கொஞ்சநேரம் கழித்து அவனே ஊசியை எடுத்தான். நூலை ஏற்றி, கிழிந்த இடம் ஒன்றைப் பின்ன ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, நைனா மாதிரியே. வழவழவென்று தேய்ந்த இடத்தில் அவன் விரல் சரியாக உட்கார்ந்தது.

ஊசியை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். என் இழுப்பறையில் இப்போது பட்டை மட்டும் இருக்கிறது.