பாலைவனத்தில் தனியாக சைக்கிள் பயணம்: 1,850 கி.மீ. பாதை, 900 மணல்மேடுகள்... தண்ணீருக்கு என்ன வழி?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனங்களுக்கு நடுவே சுமார் 1,850 கி.மீ. நீளத்துக்கு ஒரு மண் பாதை போகிறது. பெயர் கானிங் ஸ்டாக் ரூட். வழியில் சுமார் 900 மணல்மேடுகள். தார் ரோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளே திணறும் இந்தப் பாதையை 2005-ல் யாகூப் போஸ்ட்ஷிகாச் என்ற சைக்கிள் பயணி தனி ஆளாகக் கடந்தார். பின்னால் உதவி வண்டி எதுவும் வரவில்லை. வழியில் யாரும் சாப்பாடு கொண்டுவந்து தரவில்லை. தண்ணீருக்குப் பாதையோரக் கிணறுகள்தான். மொத்தம் 33 நாட்கள் ஆயின.

இது எப்படிச் சாத்தியம்? மணலில் சைக்கிள் எப்படி ஓடும்? குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும்? அந்தத் தண்ணீர் உண்மையில் யாருடையது? விரிவாகப் பார்க்கலாம்.

பாலைவனத்தில் எதற்குப் பாதை?

இது மனிதர்கள் போய்வர உருவான பாதை இல்லை, மாடுகளுக்காக உருவானது. வடக்கே கிம்பர்லி பகுதியில் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. தெற்கே பெர்த் நகரத்திலும் தங்கச் சுரங்க ஊர்களிலும் இறைச்சிக்கு நல்ல கிராக்கி. ஆனால் கிழக்கு கிம்பர்லி மாடுகளுக்கு உண்ணித் தொல்லை இருந்ததால், அவற்றைக் கப்பலில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. வறண்ட பாலைவனம் வழியாக ஓட்டி வந்தால் உண்ணிகள் செத்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது.

1906-ல் ஆல்ஃபிரட் கானிங் என்ற நில அளவையாளர் ஒட்டகங்களுடன் கிளம்பி வழியை அளந்தார். 1908 முதல் 1910 வரை கிணறுகள் வெட்டப்பட்டன. வடக்கே ஹால்ஸ் க்ரீக், தெற்கே விலூனா. மாட்டு மந்தை ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்கு ஒரு நீர்நிலை என்பதுதான் கணக்கு. கடைசி மந்தை 1959-ல் போனது. இப்போது இந்தப் பாதையில் சாகசப் பயணிகள்தான் போகிறார்கள்.

மணலில் சைக்கிள் எப்படி ஓடும்?

சாதாரண ரேசிங் சைக்கிளின் ஒல்லி டயர், மணலில் கத்தி மாதிரி இறங்கிவிடும். அதனால்தான் இங்கே ஃபேட் பைக் தேவைப்படுகிறது. இதன் டயர் சுமார் 4 அங்குல அகலம் இருக்கும். ரேசிங் சைக்கிள் டயரில் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்று அடிப்பார்கள். ஃபேட் பைக்கில் மணலுக்கு 10 பி.எஸ்.ஐ.-க்கும் கீழே இறக்குவார்கள். காற்று குறையும்போது டயர் தரையில் பரந்து பதிகிறது. எடை பரவுவதால் சக்கரம் புதைவது குறைகிறது. மணலில் ஒட்டகத்தின் அகலமான பாதம் செய்வதும் இதே வேலைதான்.

மணல் இல்லாத இடத்தில் வேறொரு தொல்லை. மண் ரோடு முழுக்க தகர ஷீட் மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். வண்டிச் சக்கரங்களே இதை உருவாக்குகின்றன. காய்ந்த மண்ணில் சக்கரம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி உருண்டால், தானாகவே இந்த வரிகள் விழும் என்பதை 2007-ல் வெளியான இயற்பியல் ஆய்வு பரிசோதனை செய்து காட்டியது.

இந்தக் குலுக்கலில் கேரியர் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக லூஸ் ஆகும். தினமும் சாயங்காலம் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முடுக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும். பாரம் முழுவதையும் சைக்கிள் மேலேயே ஏற்றாமல், பின்னால் ஒற்றைச் சக்கர டிரெய்லரைக் கட்டி இழுத்தார் போஸ்ட்ஷிகாச்.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

பயணத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்க, சமைக்க என்று நாளுக்கு 10 லிட்டர் வைத்துக்கொண்டால், 3 நாளைக்கு 30 கிலோ. பாரம் கூடினால் சக்கரம் புதையும். புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினால் வேர்வை கொட்டும், தாகம் இன்னும் எடுக்கும். நிறைய எடுத்துப் போனால் நகர முடியாது, குறைவாக எடுத்துப் போனால் உயிர் தங்காது.

அதனால் இந்தப் பயணத்தில் கிலோமீட்டர் கணக்கைவிட கிணற்றுக் கணக்குதான் முக்கியம். அடுத்த நல்ல தண்ணீர் எங்கே, அங்கே போய்ச் சேர எத்தனை நாள், ஒரு நாள் தாமதமானால் கையிருப்பு தாங்குமா? தினமும் காலையில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். 33 நாளில் 1,850 கி.மீ. என்றால் சராசரியாக நாளுக்கு 56 கி.மீ. ஆனால் மணல்மேடுகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் சராசரி கைகொடுக்காது.

கிணறு இருந்தால் தண்ணீர் இருக்குமா?

இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பாதையில் 1 முதல் 51 வரை எண் போட்ட கிணறுகள் உண்டு. ஆனால் பல கிணறுகள் இடிந்து தூர்ந்துவிட்டன, சில மட்டுமே சீரமைக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும். மூடி இல்லாத கிணற்றில் விலங்குகள் விழுந்து செத்துக் கிடக்கவும் வாய்ப்புண்டு. வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் குடிப்பது ஆபத்து. வாளியும் நீளமான கயிறும் சொந்தமாகக் கொண்டு போவது அவசியம்.

ஏமாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் ஏரியின் பெயரே சாட்சி. 1897-ல் ஃபிராங்க் ஹான் என்பவர், ஓடைகள் போகும் திசையைப் பார்த்து நன்னீர் ஏரி இருக்கும் என்று நம்பிப் பின்தொடர்ந்தார். கடைசியில் கண்டது உப்பு ஏரி. 'ஏமாற்ற ஏரி' என்றே பெயர் வைத்துவிட்டார். அங்கே காலங்காலமாக வாழும் மார்த்து மக்களோ அது ஆபத்தான சக்திகள் குடியிருக்கும் இடம் என்று விலகியே இருந்தார்கள். 2020-ல் அவர்கள் வழங்கிவந்த 'கும்புபின்டில்' என்ற பெயரே அதிகாரப்பூர்வமானது.

அந்தத் தண்ணீர் யாருடையது?

கானிங்குக்குப் பாலைவனத்தில் தண்ணீர் இருக்கும் இடம் தெரியாது, பூர்வகுடி மக்களுக்குத்தான் தெரியும். அவர்களைப் பிடித்து, கழுத்தில் சங்கிலி போட்டு, ஊற்றைக் காட்டச் சொன்னது அவரது குழு. குழுவின் சமையல்காரர் எட்வர்ட் பிளேக் இதைப் புகாராகக் கிளப்பினார். 1908-ல் ராயல் கமிஷன் விசாரித்தது. சங்கிலி போட்டதை கானிங் மறுக்கவில்லை. ஆனாலும் கமிஷன் அவர் மீது தவறில்லை என்று சொல்லிவிட்டது.

பல கிணறுகள் அந்த மக்களின் ஊற்றுகள் மேலேயே வெட்டப்பட்டன. கையால் மண்ணைத் தோண்டி எடுத்துவந்த தண்ணீர், ஆழமான கிணற்றுக்குள் போய்விட்டது. 1929-ல் கிணறுகளைச் சரிசெய்யப் போன வில்லியம் ஸ்னெல், ஒரு வாளி தண்ணீர் இழுக்கவே பலசாலிகள் மூன்று பேர் வேண்டியிருக்கிறது, பூர்வகுடிகளால் இதில் தண்ணீர் எடுக்க முடியாது என்று குறை சொன்னார். பல கிணறுகளை அந்த மக்கள் உடைத்ததற்கான காரணம் இதிலிருந்தே புரியும்.

கூடாரம் எங்கே போடுவது?

பயணத்துக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை, அதாவது அங்கே குளிர்காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருந்தாலும் ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கலாம். நல்ல ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் போகக் கூடாது.

காய்ந்த ஓடைப் படுகை சமதளமாக, படுக்க வசதியாகத் தெரியும். அங்கே கூடாரம் போடக் கூடாது. எங்கேயோ பெய்த மழை ராத்திரியில் வெள்ளமாக வந்து சேரும். ஸ்பினிஃபெக்ஸ் என்ற ஊசிப் புல் கூடாரத் துணியைக் குத்தும், எளிதில் தீயும் பற்றும். அதனால் புல் இல்லாத வெட்டவெளிதான் சரியான இடம்.

ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

செல்போன் சிக்னலை நம்ப முடியாது. தனியாகப் போகிறவர் செயற்கைக்கோள் போன், அவசர சமிக்ஞைக் கருவி இரண்டையும் கையோடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கருவியின் பட்டனை அழுத்தினால், இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குப் போகும். அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. எந்தத் தேதியில் எங்கே இருப்போம் என்ற திட்டத்தைக் கிளம்பும் முன்பே ஒருவரிடம் எழுதிக் கொடுப்பதும் முக்கியம். 33-ம் எண் கிணற்றுக்குப் பக்கத்தில் குனவாரிட்ஜி என்ற பூர்வகுடி ஊர் உள்ளது. நடுவழியில் சாமான் வாங்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

அனுமதி தேவையா?

கண்டிப்பாகத் தேவை. பாதை போகும் நிலத்தின் உரிமை இன்று பெரும்பாலும் பூர்வகுடி மக்களிடம் உள்ளது. அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பாதை திறந்திருக்கிறதா, எங்கே முகாம் போடலாம், எந்த இடத்துக்குள் போகக் கூடாது என்பதையெல்லாம் அப்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நூறு வருடங்களுக்கு முன்பு சங்கிலி போட்டுக் கேட்ட அதே கேள்வியை, இன்று விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது: தண்ணீர் எங்கே இருக்கிறது? தனியாகப் போகிற சைக்கிள்காரர் உயிரோடு திரும்புவதும் அந்த மண்ணின் மக்கள் சொல்லும் பதிலைக் கேட்டு நடப்பதில்தான் இருக்கிறது.