992 என்றால் எதில் 992?

பிபி 120 என்கிறோமே, எதில் 120? மில்லிமீட்டரில்! அழுத்தத்தை ஏன் நீளத்தில் சொல்றோம்?

ஆரம்பித்து வைத்தவர் இத்தாலியின் டாரிசெல்லி. 1640களில் அவர் யோசனைப்படி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள். பாதரசம் முழுக்கக் கொட்டவில்லை. சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. தாங்கிப் பிடிப்பது வெளிக்காற்று. 1648இல் பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே, அதே சோதனையை பிரான்ஸில் ஒரு மலையுச்சியில் செய்தார். அங்கே பாதரசம் இறங்கியிருந்தது. அப்புறம் என்ன, ஸ்கேலில் படித்த உயரமே அழுத்தத்தின் அளவாகிவிட்டது. சிலருக்கு மில்லிமீட்டர், சிலருக்கு இஞ்ச்.

1954இல் சர்வதேச எடை அளவு மாநாடு, ஒரு அட்மாஸ்பியர் என்பது சதுர மீட்டருக்கு 101325 நியூட்டன் என்று பாதரசமே இல்லாமல் வரையறுத்தது. ஆனா பழைய கோடு அவ்வளவு சீக்கிரம் போயிடுமா?

விமானத்தின் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும். தரையில் உள்ள அழுத்தத்தை கண்ட்ரோலர் சொல்ல, பைலட் அதில் செட் செய்வார். அமெரிக்காவில் பாதரச இஞ்ச், இந்தியாவில் ஹெக்டோபாஸ்கல். கண்ட்ரோலர் வெறுமனே "992" என்கிறார். இஞ்சில் பழகிய பைலட் 29.92 வைத்துவிடுகிறார். அது 1013 ஹெக்டோபாஸ்கல். 21 கூடுதல். ஒன்றுக்கு ஏறக்குறைய 27 அடி. ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட விமானம் 570 அடி கீழே இருக்கும். மேகத்துக்குள் இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

கன்வர்ஷன் ஃபார்முலாவில் தப்பே இல்லை, பாருங்க. யூனிட்தான் சொல்லப்படவில்லை. பிரிட்டனின் ரேடியோ விதிகளில், 1000க்குக் கீழே என்றால் "ஹெக்டோபாஸ்கல்" என்ற சொல்லையும் கண்ட்ரோலர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.